மிஸ்வாக் மரம்: உவர் நிலத்தில் வளரும் உகா

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் பள்ளிவாசல் வாசலில் அத்தர், தொப்பியுடன் மிஸ்வாக் குச்சியும் விற்பார்கள். அரபு நாட்டுப் பொருள் என்றே நம்மில் பலர் அதை வாங்குகிறோம். அந்த மரம் நம் தமிழகக் கடற்கரையிலும் தானாக வளர்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

பெயரும் ஊரும்

அரபியில் அராக், உருதுவில் பீலு, தமிழில் உகா அல்லது உகாய். தாவரவியல் பெயர் சால்வடோரா பெர்சிகா. அரேபியா, ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகள், பாகிஸ்தான், ராஜஸ்தான், குஜராத் ஆகிய இடங்களில் பரவலாக உள்ளது. தமிழ்நாட்டில் கோடியக்கரையிலும் ராமநாதபுரம் கடலோரத்திலும் காணலாம். குறுந்தொகையின் பாலைப் பாடல் ஒன்று இதன் அடிமரத்தைப் புறாவின் முதுகுக்கு ஒப்பிடுகிறது.

சபா நாட்டினரின் தோட்டங்கள் அழிந்தபின் அங்கே முளைத்தவற்றைக் குர்ஆன் (34:16) குறிப்பிடுகிறது. அதில் வரும் 'கம்த்' என்ற சொல்லுக்கு அராக் என்றே விரிவுரையாளர்கள் சிலர் பொருள் கூறியுள்ளனர். இதன் பழத்துக்கு அரபியில் கபாஸ் என்று பெயர். நபித்தோழர்கள் அதைப் பறித்தபோது, கறுத்ததைப் பறியுங்கள், அதுவே சிறந்தது என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரியில் உள்ளது.

உப்பைத் தாங்குவது எப்படி?

சாதாரணச் செடியின் வேரில் உப்பு நீர் சேர்ந்தால், செடியால் நீரை உறிஞ்ச முடியாமல் வாடிவிடும். உகா மரம் உள்ளே வரும் உப்பை இலைச் செல்களில் உள்ள நீர்ப்பைகளில் ஒதுக்கி வைக்கிறது. இலை தடித்துச் சதைப்பற்றுடன் இருப்பது இதனால்தான். வேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியையும் தாங்குகிறது. குஜராத்தின் பரூச்சில் உள்ள மத்திய உவர்மண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம், வேறு பயிர் விளையாத உவர்க் கரிசல் நிலத்தில் இதை வளர்க்க வழி கண்டது. இதன் விதையில் சுமார் 40 சதவீதம் எண்ணெய் உண்டு. அது சோப்பு செய்ய உதவும்.

மருத்துவக் குணம்

குச்சியை மென்றதும் கடுகு போல ஒரு காரம் வரும். கடுகும் உகாவும் ஒரே தாவர வரிசையைச் சேர்ந்தவை. அந்தக் காரத்துக்குக் காரணம் பென்சைல் ஐசோதயோசயனேட் என்ற பொருள். ஈறு நோய்க்குக் காரணமான சில கிருமிகளை அது அழிக்கிறது என்று சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வுக்கூட முடிவுகள் காட்டின. குச்சியில் உள்ள சிலிக்கா கறையைத் தேய்த்து நீக்க உதவுகிறது. வழக்கத்தில் உள்ள இடங்களில் மிஸ்வாக்கைப் பயன்படுத்தலாம் என 1986-ல் உலக சுகாதார நிறுவனம் ஊக்குவித்தது.

யுனானி மருத்துவத்தில் இலையும் பழமும் வேறு நோய்களுக்கும் பயன்படுகின்றன. ஆனால் மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் பல், ஈறு பற்றியவையே. கர்ப்பிணிகளும் நாள்பட்ட நோயாளிகளும் இதன் கஷாயத்தை மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

வாங்கும்போதும் தேய்க்கும்போதும்

• ஈரப்பதமும் காரவாடையும் உள்ள குச்சியை வாங்குங்கள். காய்ந்து வாடையே இல்லாத குச்சியில் மருந்துச் சத்து குறைந்திருக்கும்.

• முனைப்பட்டையைச் சீவி, மென்று, நார் மிருதுவான பிறகே தேய்க்கவும். நபி (ஸல்) அவர்களின் இறுதி நேரத்தில் ஆயிஷா (ரலி) அவர்கள் மிஸ்வாக்கை மென்று மிருதுவாக்கிக் கொடுத்ததை நினைவில் கொள்ளலாம்.

• ஈறிலிருந்து பல்லை நோக்கி மெதுவாகத் தேய்க்கவும். குறுக்கே அழுத்தித் தேய்த்தால் ஈறு இறங்கி, பல் கூசத் தொடங்கும்.

• பயன்படுத்திய நாரை ஓரிரு நாளில் வெட்டிவிடவும். கழிவறைக்குள் வைக்க வேண்டாம்.

• உள்பக்கமும் கடைவாய்ப் பற்களும் விடுபடாமல் பார்க்கவும். பிள்ளைகளுக்கு ஃபுளோரைடு பேஸ்ட்டை நிறுத்திவிட வேண்டாம். இரண்டும் சேர்ந்து இருக்கட்டும்.

ஈறில் தொடர்ந்து ரத்தம் வந்தாலோ பல் ஆடினாலோ குச்சியை நம்பிக் காத்திருக்காமல் பல் மருத்துவரைப் பாருங்கள். சுன்னத்தைப் பேணுவதோடு, அல்லாஹ் தந்த பற்களையும் சேர்த்துப் பேணுவோம்.