பதுளைப் பரிசுத்த மாற்கு தேவாலயமும் அதன் நினைவுப் பலகையும்

பதுளை நகரிலுள்ள பரிசுத்த மாற்கு தேவாலயம் 1857ஆம் ஆண்டில் எழுந்தது. வெனிஸ் நகரின் பேராலயமும் இவ்வடியாரின் பெயரையே தாங்கியுள்ளது. ஆயினும், அதன் பொன்னோவியங்களை எண்ணிக்கொண்டு இங்கு வருவோர் ஏமாறுவர். இஃது எளிய அங்கிலிக்கன் கோயில். மரத்தாலான பழைய இருக்கைகளும் சூழவுள்ள கல்லறைக் கற்களுமே இதன் அணிகள். வரலாற்று மாணாக்கர் கருத்தூன்றிப் படிக்கவேண்டியது உள்ளேயிருக்கும் நினைவுப் பலகை.

இறைவனின் மகிமைக்காகவும் மேஜர் தோமஸ் வில்லியம் றோஜர்ஸின் நினைவாகவும் இவ்வாலயம் கட்டப்பட்டதென அப்பலகை கூறுகின்றது. அவர் இலங்கை றைபிள் படையினர். பதுளையின் உதவி அரசாங்க அதிபர், மாவட்ட நீதிபதி, படைத் தலைவர். இம்மூன்றையும் வெறும் பட்டங்களாகப் படித்துச் செல்லுதல் தவறு. வரி தண்டியவரும், வழக்குத் தீர்த்தவரும், படை நடத்தியவரும் ஒருவரே என்பது அதன் பொருள். 1818இல் ஊவா வெல்லசைக் கிளர்ச்சி கொடுமையாக அடக்கப்பட்ட நாடு இது. அங்கே ஆங்கிலேயர் அதிகாரத்தைப் பலர் கையிற் பகிர்ந்து வைக்காமை வியப்பன்று.

ஆலயத்தை எழுப்பியோர் யாவர்? எல்லா வகுப்பையும் சேர்ந்த நண்பர்கள், அவரைப் போற்றியோர், நன்றியுள்ள சுதேசிகள் என்கிறது பலகை. நன்றி என்னும் அடைமொழி சுதேசிகளுக்கே உரியதாயிற்று! அதனை முற்றும் பொய்யெனத் தள்ளுதலும் தகாது. றோஜர்ஸ் பாதை அமைப்பதில் ஊக்கமுடையவர், பாதையால் ஊராரும் பயனடைந்திருப்பர். ஆனால் அக்காலத்திலேயே தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்து மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் உழைத்து மாண்ட தமிழருக்கு எழுத்துப் பொறித்த கல் எங்கே?

ஊரார் நினைவு வேறொன்று. றோஜர்ஸ் 1,400 யானைகளைக் கொன்றாரென்பது வழக்கு. தொகையை அப்படியே ஏற்காவிடினும், அவர் பெருவேட்டைக்காரர் என்பதில் ஐயமில்லை. யானையைப் பயிரழிக்கும் விலங்கெனக் கருதி, அதனைக் கொல்வோர்க்கு அரசாங்கமே பரிசளித்த நூற்றாண்டு அது. 1845ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி அப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். உடல் நுவரெலியாவில் அடக்கஞ் செய்யப்பட்டது. யானைகளை வதைத்த பாவமே இடியாய் வந்ததென்று மக்கள் சொல்வர்; பின்னர் அக்கல்லறையையும் மின்னல் விட்டுவைக்கவில்லையாம்.