கடற்கொள்ளையர் எனப்பட்டோர் யார்?

 

கடற்கொள்ளையர் என்றதும் ஒற்றைக்கண் மறைத்த வேடிக்கை மனிதரே நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருகின்றனர். நமது கடலின் வரலாறோ வேறு. பதினாறாம் நூற்றாண்டில் இந்து சமுத்திரத்திற் செல்லும் கப்பல்கள் தம்மிடம் ‘கர்த்தாஸ்’ என்னும் அனுமதிச் சீட்டுப் பெறவேண்டுமெனப் போர்த்துக்கேயர் விதித்தனர். சீட்டில்லாக் கப்பலைச் சரக்கோடு பறித்தனர். அதற்கு முன்பே, 1502இல், மக்காவிலிருந்து திரும்பிய ஹாஜிகளின் கப்பலை வாஸ்கோ ட காமா தீக்கிரையாக்கினார். பறித்தவர்கள் தம்மை மன்னரின் அதிகாரிகள் என்றனர். கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கடற்படையை நடத்தி அவர்களை எதிர்த்த குஞ்ஞாலி மரைக்காயர்களையே கொள்ளையர் என்றனர்!

குஞ்ஞாலிகளும் பகைவரின் கப்பல்களைக் கைப்பற்றினார்கள்தாம். அதனைப் பிள்ளைகளுக்கு மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அவர்களுக்கும் ஓர் அரசனின் ஆணை இருந்தது.

1538இல் சீதாவக்கை மன்னர் மாயாதுன்னைக்கு உதவ இலங்கை நோக்கிப் புறப்பட்ட மரைக்காயர் படை, இராமநாதபுரக் கரையிலுள்ள வேதாளையில் தோற்றது. நான்காம் குஞ்ஞாலியோ தம் சாமூதிரியுடனேயே பிணங்கினார். உயிருக்கு உத்தரவாதம் தரப்பட்டதும் அவரிடமே சரணடைந்தார். ஆயினும் போர்த்துக்கேயர் அவரைக் கோவாவுக்குக் கொண்டுசென்று 1600இல் சிரச்சேதம் செய்தனர்.

அதே போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆட்சிக்குட்பட்ட இலங்கைக் கரைகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அவர்களில் ஏறத்தாழ 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தியவர், கண்டி மன்னர் செனரத்.