புதுச்சேரிக் கடல் நிலநடுக்கம் (2001)

2001 செப்டம்பர் 25 இரவு, புதுச்சேரிக் கரைக்கு எதிரே வங்கக்கடலடியில் இந்த நிலநடுக்கம் நிகழ்ந்தது, அளவு 5.5. சென்னைவாசிகளும் தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

புவித்தட்டின் விளிம்பு இங்கிருந்து வெகுதூரம். ஆனாலும் இந்தியத் தட்டு இமயத்தில் முட்டும் அழுத்தம் உட்பகுதிக்கும் பரவி, பழைய பிளவுகளை அவ்வப்போது நழுவச் செய்கிறது.

மறைந்துகிடக்கும் பிளவுகளுக்குச் சிறு அதிர்வுகளே துப்பு. ஒரு நிலையத்தை எட்டும் முதல் அலைக்கும் பின்தங்கும் குறுக்கலைக்கும் இடையிலான நொடிகளை ஏறத்தாழ எட்டால் பெருக்கினால் அதிர்வின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். அத்தொலைவை ஆரமாகக் கொண்டு மூன்று நிலையங்களைச் சுற்றி வரையும் வட்டங்கள் சந்திக்குமிடமே மையம். கடல் நடுக்கத்திலோ அருகிலுள்ள நிலையங்கள் எல்லாம் மேற்கே, கரையில். இடமும் ஆழமும் எளிதில் பிசகும்.

இந்த நடுக்கத்துக்கு அடுத்த ஆண்டு, 2002-இல் திருத்தப்பட்ட இந்தியக் கட்டுமானத் தரநிலை, சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாவதுக்கு மாற்றியது.