அரிப்புக் கடலில் சிந்திய குருதி

மன்னாருக்குத் தெற்கே, அரிப்புக் கரையில் ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகை இடிந்து கிடக்கிறது. ஊரவர் அதனை அல்லிராணிக் கோட்டை என்பர். முத்துக்குளிப்பைக் கண்காணிக்க 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது அது. முத்துக்கணக்கு ஏடுகளில் நிறையவே உண்டு. மூழ்கிய மனிதரின் உடல்பற்றிய குறிப்புகளோ சொற்பம்.

றொபேட் பேர்சிவல் என்ற ஆங்கிலப் படை அதிகாரி 1803இல் வெளியிட்ட நூல் அவற்றுள் ஒன்று. தோணிக்கு மீண்ட சுழியோடிகளின் வாய், மூக்கு, காதுகளிலிருந்து நீரோடு அடிக்கடி குருதியும் வடிந்ததென்றும், அப்படியிருந்தும் நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது முறை மூழ்கினரென்றும் எழுதினார். கடும் பிரயாசையே காரணமென்பது அவர் எண்ணம்.

காரணம் வேறு. பத்து மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகும். நடுச்செவியிலும் முகவெலும்பின் உட்குழிகளிலும் உள்ள காற்று சுருங்கும். அங்குள்ள மென்சவ்வின் மயிர்த்துளைக் குழாய்கள் புடைத்து வெடிக்கும்.

அவர்களைக் காத்ததும் அதே குருதிதான். மூச்சடக்கி முகத்தை நீருள் அமிழ்த்தியதும் இதயத்துடிப்புத் தளரும். கைகால்களின் நாடிகள் ஒடுங்கும். ஒட்சிசன் மூளைக்கும் இதயத்துக்குமென ஒதுங்கும். மண்ணீரல் சுருங்கி, தேக்கிவைத்த செங்குழியங்களைச் சுற்றோட்டத்தில் விடும். கடல்நாய்களிலும் இதுவே நிகழ்கிறது. இந்தோனேசியாவின் பஜாவ் சுழியோடிகளின் மண்ணீரல் அயற்சமூகத்தாருடையதைவிட ஏறத்தாழ 50 வீதம் பெரிதென 2018இல் ஓர் ஆய்வு கண்டது.

நம் கடலுக்கும் விஞ்ஞானி வராமலில்லை. 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன் வந்தார். ஐந்து தொகுதிகள் வெளியாகின. அவை சிப்பிகளுக்கும் ஏனைய கடலுயிர்களுக்குமானவை.