தங்கவயலில் இருந்து ஒரு சொந்தப் பக்கம்

நான் ஈய எழுத்துப் பொறுக்கினவன். கோலார் தங்கவயலில் லைன் வீட்டில் பிறந்து, பத்தாவது முடித்த கையோடு 1986-இல் பெங்களூரில் ஒரு சின்ன அச்சகத்துக்குக் கம்பாசிட்டராகப் போனேன். நைனா சுரங்கத்துக்குள் இறங்கிக் கல் உடைத்தவர். 'நீயாவது வெளிச்சத்துல உக்காந்து வேலை செய்டா' என்று அனுப்பினார். வெளிச்சம் என்னமோ நாற்பது வாட் பல்புதான். கேஸில் இருந்து ஒவ்வொரு எழுத்தாக எடுத்து ஸ்டிக்கில் தலைகீழாக அடுக்குவோம். 'கொ' என்று கோக்க வேண்டும் என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, கடைசியில் கால். கண்ணுக்கு எப்படித் தெரியுதோ அந்த வரிசை. பதிமூன்று வருசம் கழித்து இணையத்தில் எங்க சனத்துக்கு என்று ஒரு பக்கம் போட்டபோது, இந்தக் கொம்பும் காலும்தான் என் உயிரை எடுத்தது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். அது என் கதை மட்டும் இல்லை என்பதால் கொஞ்சம் பின்னால் இருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையில் இருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையைக் கொண்டுவந்தார். அடுத்த வருசம் அது 'தமிழன்' ஆனது. 1914-இல் அவர் இறக்கும் வரைக்கும் நடத்தினார். அந்தப் பத்திரிகையின் வாசகர்களில் தங்கவயல்காரர்கள் முக்கியமானவர்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் இருந்தது. சாம்பியன் ரீஃபில் சித்தார்த்தா புத்தகசாலை இருந்தது. பண்டிதரின் நூல்களை அச்சிட்டுப் பரப்பியது. நின்றுபோன 'தமிழன்' பத்திரிகையை 1926-இல் அப்பாதுரையார் மறுபடியும் தொடங்கியது எங்க தங்கவயலில் இருந்துதான். பகலெல்லாம் பாறைக்கடியில் கிடந்துவிட்டு மேலே வந்து குளித்துப் பத்திரிகை படித்த சனம் அது.

அப்படி இருந்தும், பண்டிதரின் எழுத்து ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையில் இருந்து வெளிவந்த தொகுதிகளாக நம் கைக்கு வர 1999 ஆனது. எண்பத்தைந்து வருசம். அதற்குள் எத்தனை பேர் வீட்டில் பழந்தாளாக எடைக்குப் போயிருக்கும்! இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கி 1900 வரைக்கும் நடத்திய 'பறையன்' இதழோ முழு வரிசையாக நம்மிடம் இல்லை. 1936-இல் லாகூரில் பேசுவதற்காக அம்பேத்கர் எழுதிய உரையில் சில பகுதிகளை மாற்றச் சொன்னார்கள். அவர் ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டு, சொந்தச் செலவில் 1,500 படி அச்சடித்தார். இரண்டே மாதத்தில் தீர்ந்தது. அச்சு யாருடைய கையில் இருக்கிறது, தாள் யாருடைய வீட்டில் இருக்கிறது என்கிற இந்த இரண்டு கேள்வியும் எங்களுக்குப் புதுசு இல்லை.

இணையம் இங்கே வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெனீவா பக்கத்தில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ் லீ 1989-இல் இதற்கான திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று அந்த ஆய்வுக்கூடம், இதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பயன்படுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. சுதந்திரம் கிடைத்த தேதியைப் பார்த்து வைத்தார்கள். எங்க கைக்கு அது கிடைத்தது நெட் சென்டர்கள் வந்த பிறகுதான். மணிக்கு 40 ரூபாய் கொடுத்து உட்காருவோம். நான் அப்போது ஈய எழுத்தை விட்டு டி.டி.பி.க்கு மாறியிருந்தேன்.

1999-இல் ஒவ்வொரு ஞாயிறும் தங்கவயலுக்குப் போய்ப் பெரியவர்களிடம் பேசிப் பதிந்து வர ஆரம்பித்தேன். சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு அப்போதே வந்துவிட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடியும்விட்டார்கள். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி இறங்கிய மண்ணில், மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கத்தில், மூன்று நான்கு தலைமுறை வேலை செய்த சனம். வட ஆற்காட்டில் இருந்து பண்ணையாள் வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தவர்கள். வேலை போனதும் பிள்ளைகள் விடிகாலை ரயிலில் பெங்களூருக்குத் தொங்கிக்கொண்டு போனார்கள். கிழவன் கிழவிகள் சயனைடு மண்மேட்டைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார்கள். அவர்களிடம் கேட்டு எழுதியதைப் புத்தகமாகப் போடக் காசு இல்லை. ஆகவே இணையத்தில் போட்டேன்.

அந்தக் காலத்தில் சொந்தப் பக்கம் போட இலவசமாக இடம் தரும் கம்பெனிகள் இருந்தன. அதில் பெரியது 1994-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஜியோசிட்டீஸ். பேட்டை பேட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் தெருப்பேரும் வீட்டு நம்பரும் கொடுத்தார்கள். லைன் வீட்டில் நம்பரோடு வளர்ந்த எனக்கு அது சிரிப்பாக இருந்தது. 1999-இல் யாகூ அதை வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. ஆர்வலர்கள் ராப்பகலாக நகல் எடுத்துக் காப்பாற்றியது போக, மிச்சம் எல்லாம் போனது. பட்டா இல்லாத புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கு இது ஆச்சரியம் தராது.

நான் குடிசை போட்டது வேறொரு கம்பெனியின் இடத்தில். பேர் வேண்டாம். 2002-இல் அது மூடப்பட்டது. மூடப் போகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். வேலை நெருக்கடியில் ஒன்றரை மாசம் நான் நெட் சென்டர் பக்கமே போகவில்லை. போய்ப் பார்த்தபோது பக்கம் இல்லை. ஃபிளாப்பியில் இருந்ததில் பாதி திறக்கவில்லை. மொத்தம் 41 பேர் சொன்னதைப் போட்டிருந்தேன், 29 திரும்பக் கிடைத்தது. கையெழுத்து நோட்டில் குறிப்புகளாக இருந்ததை வைத்து இன்னொரு 11-ஐ ஒப்பேற்றினேன். ஒன்று மட்டும் சுத்தமாகப் போய்விட்டது. மாரிக்குப்பத்தில் இருந்த எங்க அத்தை சொன்னது அது. சங்கத்தில் ராத்திரிப் பள்ளி நடந்தது, பெண்கள் லாந்தர் எடுத்துக்கொண்டு படிக்கப் போனது, போகக் கூடாது என்று தடுத்த புருசன்மாரை அவர்கள் என்ன சொல்லி வாயடைத்தார்கள் என்று இரண்டு ஞாயிறு உட்கார்ந்து சொன்னாள். கேசட் வாங்கக் காசு இல்லாமல் ஒரே கேசட்டில் திரும்பத் திரும்பப் பதிந்துகொண்டிருந்தேன். அவள் குரலின் மேல் வேறொருவர் குரலைப் பதிந்திருந்தேன். அவள் 2001-இலேயே செத்துப்போயிருந்தாள். பழைய பக்கங்களைச் சேர்த்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் தேடினேன். 1996-இல் இருந்து அவர்கள் சேர்க்கிறார்கள். என் பக்கத்தில் முகப்பு மட்டும் இருந்தது. உள்ளே எதுவும் இல்லை. கம்பெனியைத் திட்டி என்ன செய்ய? அச்சகத்தில் புரூஃப் பார்த்து முடியும் வரைக்கும் மூலப் பிரதியைத் தூக்கிப் போடக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நான் தூக்கிப் போட்டேன்.

2004-இல் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். அடுத்த வருசம் சொந்தப் பேரில் ஒரு முகவரியைப் பதிந்து, காசு கட்டும் இடத்துக்கு மாறினேன். இதுவும் பட்டா இல்லை, வருசா வருசம் கட்டும் வாடகைதான். ஆனால் ஒரு இடத்தில் துரத்தினால் அதே பேரோடு இன்னொரு இடத்துக்குப் போகலாம். இதுவரை மூன்று தரம் மாறியிருக்கிறேன், ஒவ்வொரு தரமும் ஒரு சாயங்கால வேலை. காரணம், என் பக்கத்தில் ஒன்றும் கிடையாது. ஒருவர் சொன்னதுக்கு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. முதல் வரியில் பேர், இரண்டாவது வரியில் லைன், மூன்றாவது வரியில் பதிந்த தேதி, அப்புறம் அவர் பேச்சு. பெர்ல் மொழியில் நானே எழுதின அறுபது எழுபது வரி ஸ்கிரிப்ட் ஒன்று அந்தக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து, மேலே தலைப்பும் கீழே அடியும் ஒட்டிப் பக்கமாக்கும். ஸ்டிக்கில் கோத்ததைப் பாரத்தில் பூட்டுகிற மாதிரி. பெர்லை 1987-இல் லாரி வால் என்பவர் செய்தார். மொழியியல் படித்தவராம். எழுத்தை வெட்டி ஒட்ட அதுபோல வசதி இல்லை. நெட் சென்டரில் வேலை பார்த்த ஒரு அண்ணன் எனக்கு நாலு ஞாயிறு சொல்லிக் கொடுத்தார்.

இனிமேல் கொம்புக் கதை. அந்த நாளில் கடைக்கு ஒரு எழுத்துரு. ஒரு கடையில் அடித்ததை இன்னொரு கடையில் திறந்தால் கோழி கிளறின மாதிரி இருக்கும். பக்கத்தைப் பார்க்க வருகிறவர் முதலில் நம்ம எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நாட்டு அரசு மாநாடு கூட்டி டாம், டாப் என்று இரண்டு தரம் அறிவித்தது. இணையத்தில் கூடின தமிழர்கள் டிஸ்கி என்று ஒன்று வைத்திருந்தார்கள். யூனிகோடில் தமிழ் 1991-இலேயே ஏறிவிட்டது, ஆனால் நம்ம கம்ப்யூட்டர்களில் அது ஒழுங்காகத் தெரிய இன்னும் பத்து வருசம் போல ஆனது. 2010-இல்தான் தமிழ்நாட்டு அரசு யூனிகோடுக்கு வந்தது. பழைய எழுத்துருக்கள் கம்பாசிட்டர் மாதிரி: கொம்பு, க, கால். யூனிகோடு பள்ளிப்பிள்ளை மாதிரி: முதலில் க, அதன் பிறகு உயிர்க்குறி. ஆகவே மாற்றுகிற ஸ்கிரிப்ட் ஒவ்வொரு கொம்பையும் பிடித்து எழுத்துக்குப் பின்னால் தள்ள வேண்டும்.

அதுவரைக்கும் சரி. 'ஔ' வரிசையில்தான் மாட்டினேன். பழைய எழுத்துருவில் ஔகாரக் குறியும் ளகரமும் ஒரே எழுத்து. அதனால் பௌத்தம் எல்லாம் 'பெளத்தம்' என்று வந்தது. கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனால் பௌத்தம் என்று தேடினால் மாரிக்குப்பம் கிடைக்காது. கோபத்தில் விதியைத் திருப்பிப் போட்டேன். 'வெளியே' எல்லாம் உடைந்தது, கெளுத்தி மீன் செத்தது. கடைசியில் பௌத்தம், கௌதமர், கௌரவம், மௌனம், சௌந்தரம் என்று ஒரு சொற்பட்டியல் எழுதி, அதில் இருந்தால் மட்டும் மாற்று என்றேன். ஒவ்வொரு பக்கத்தையும் அச்செடுத்து சிவப்பு மையில் புரூஃப் பார்த்தேன். அந்த வேலையை எந்த ஸ்கிரிப்டும் செய்யாது.

பேர்ப் பட்டியலில் இன்னொரு கூத்து. யூனிகோடில் தமிழுக்கு இடம் ஒதுக்கினபோது நாகரி எழுத்தின் வரிசையைப் பின்பற்றினார்கள். நம்மிடம் இல்லாத எழுத்துகளுக்கெல்லாம் காலி வீடு விட்டிருக்கிறார்கள். ன, ந-வுக்குப் பக்கத்தில். ற, ர-வுக்குப் பக்கத்தில். புள்ளி எல்லாவற்றுக்கும் பின்னால். கம்ப்யூட்டரை அகரவரிசையில் அடுக்கச் சொன்னால் கணேசனை முன்னால் விட்டுக் கண்ணம்மாவைப் பின்னால் தள்ளும். அகராதியில் கண்ணம்மாதான் முதலில். ஜெயமேரி சகாயத்துக்கு அடுத்து வந்து நிற்பாள். நம்ம வரிசையை ஒரே வரியாக எழுதிக் கொடுத்து, அதன்படி அடுக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் செய்தேன். எங்க பேரை யாரோ வைத்த வரிசையில் நிறுத்துவதில்லை என்ற பிடிவாதம், வேறொன்றும் இல்லை.

அந்தப் பட்டியலே ஒரு நாள் வினையானது. 2011 என்று நினைவு, ஒரு தம்பி போன் செய்தான். பெங்களூரில் நல்ல வேலை. 'அண்ணா, எங்கப்பா பேரை எடுத்துடுங்க. என் பேரைப் போட்டுத் தேடினா இனிஷியலோட சேர்ந்து லைன் நம்பர் வருது. ஆபீஸ்ல ஒருத்தன் கேட்டுட்டான்' என்றான். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அவங்கப்பா ஒளிவுமறைவு இல்லாமல் சாதியைச் சொல்லி, பட்ட பாட்டைச் சொல்லி, 'போடு, எல்லாரும் படிக்கட்டும்' என்று சொன்ன மனிதர். அவர் சொல்லைப் பிள்ளை அழிக்கலாமா? ராத்திரியெல்லாம் யோசித்தேன். 1930-இல் தங்கவயல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது கைரேகைப் பதிவை எதிர்த்துத்தான். பதிவேட்டில் ஏறினவனைப் பதிவேடு எங்கெல்லாம் துரத்தும் என்று தெரிந்த சனம். நானும் ஒரு பதிவேடுதான் வைத்திருக்கிறேன்.

பேச்சை எடுக்கவில்லை. கோப்பில் 'மறை' என்று ஒரு வரி சேர்த்தால் பேரும் லைனும் வெளியே வராமல், 'ஒரு டிம்பர்மேன்' என்று வேலை மட்டும் வருகிற மாதிரி ஸ்கிரிப்டை மாற்றினேன். நாலு வரி வேலை. மூலக் கோப்பில் முழுப்பேர் அப்படியே இருக்கிறது, வீட்டில். இன்றைக்கு 113 கோப்பில் 17-இல் அந்த வரி இருக்கிறது. இரண்டு பேர் பிறகு போன் செய்து, 'பேரைத் திருப்பிப் போட்டுடுங்க' என்றார்கள். அந்த வரியை எடுத்தேன்.

இப்போது மாசம் ஒரு நாள் உட்காருகிறேன். புதுசாக வந்ததைச் சேர்த்து ஸ்கிரிப்டை ஓட்டி மேலேற்றுவது, ஒரு நகல் பென்டிரைவில், ஒரு நகல் தங்கை வீட்டில், ஒரு அச்சுப்படி தகரப் பெட்டியில். படங்களைப் பெரிசாகப் போடுவதில்லை. பக்கம் இருபது கிலோபைட்டைத் தாண்டாது, சிக்னல் இல்லாத லைனிலும் பழைய போனில் திறக்கும். பார்க்க அழகாக இல்லை என்று என் மகள் சொல்கிறாள். உண்மைதான். அவளுக்குப் பெர்ல் பிடிக்கவில்லை, எல்லாவற்றையும் பைத்தானில் எழுதிக்கொண்டிருக்கிறாள். சொற்பட்டியலை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

அத்தைக்கு 41-ஆம் கோப்பு. பேர், லைன், தேதி மூன்று வரியும் எழுதி வைத்திருக்கிறேன், கீழே ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தரம் ஓட்டும்போதும் ஸ்கிரிப்ட் அந்தக் கோப்பு காலி என்று எச்சரிக்கும். காலிக் கோப்பைத் தாண்டிப் போகிற மாதிரி எழுதிடலாமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன்.