நேர ஒதுக்கீடும் நேயர் சமூகமும்: திருகோணமலைக் கரையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

வெகுசனத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய நமது ஆய்வுகள் பெரும்பாலும் நிகழ்ச்சிகளின் உள்ளடக்கத்தையே நோக்குவன. எது ஒலிபரப்பப்பட்டது, அதன் கருத்துநிலை யாது, மொழிநடை எத்தகையது என்னும் வினாக்கள் எழுப்பப்படும் அளவுக்கு, அது எந்நேரத்தில் ஒலிபரப்பப்பட்டது, அந்நேரத்தைத் தீர்மானித்தவர் யாவர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. ஆயின் ஓர் அலைவரிசைக்கு நாளொன்றில் இருபத்துநான்கு மணித்தியாலங்களே உண்டு. அவற்றுள்ளும் உழைத்து மீண்ட மக்கள் ஆறியிருந்து கேட்கவும் பார்க்கவும் கூடியவை மிகச் சிலவே. நிலத்தைப் போன்று இதுவும் வரையறைக்குட்பட்டதொரு வளமாகும். அதனை எவருக்கு எவ்வளவு பங்கிடுவது என்பது நிருவாக நுணுக்கம் மட்டுமன்று, அரசியலுமாகும். நிகழ்ச்சி நிரலை வகுப்போர், எவரைப் பொதுமக்களெனக் கணிப்பது என்பதையும் உடன் தீர்மானிக்கின்றனர். கணிக்கப்படாதோர் வேறு அலைவரிசைகளை நாடிச் செல்வர். அப்பிரிவின் விலையைப் பின்னர் சமூகம் முழுவதுமே செலுத்த நேர்கிறது. இதுவே இக்கட்டுரையின் வாதமாகும்.

இதனை நோக்குவதற்குத் திருகோணமலைக் கரை பொருத்தமானதோர் இடமாகும். நகருக்கு வடக்கே உப்புவெளி, நிலாவெளி எனத் தொடரும் இக்கரையோரம், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் ஒரு மாவட்டத்தைச் சேர்ந்தது. கடற்றொழிலாளரின் நாள் காரியாலய நேரத்தால் அளக்கப்படுவதன்று. காற்றும் மீன் வரத்தும் அதனை வகுக்கின்றன. ஆனால் இக்கரை கேட்ட ஒலியும் பார்த்த ஒளியும் கொழும்பிலும், சென்னையிலும், இலண்டனிலும் வகுக்கப்பட்ட நேரங்களில் வந்தனவாகும்.

நேர ஒதுக்கீட்டின் ஆற்றலை முதன்முதலில் தெளிவாக உணர்த்திய நிகழ்வு பாக்கு நீரிணைக்கு அப்பால் நிகழ்ந்தது. 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், செந்நெறி இசையை வளர்க்கும் நோக்குடன் அகில இந்திய வானொலியில் திரையிசைக்கிருந்த நேரத்தைப் பெரிதும் குறைத்தார். மக்களின் இரசனை இதனால் மாறிவிடவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளே நகர்ந்தது. 1950 இல் தொடங்கப்பெற்ற இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அந்நேயரை வரவேற்றது. புதன்கிழமை இரவு 8 மணிக்கு ஒலித்த 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்தி நிகழ்ச்சி வட இந்தியாவை ஈர்த்தது போன்று, தமிழ்ச் சேவை தமிழகத்தை ஈர்த்தது. எஸ். பி. மயில்வாகனன் முதலாய அறிவிப்பாளரின் குரல்கள் கடல்கடந்து வீட்டுக் குரல்களாயின. 1957 இல் விவித பாரதியைத் தொடங்கி இந்திய அரசு தன் நேயரை மீட்க முனைந்தமை, முந்தைய தீர்மானத்தின் தோல்வியை உணர்த்துவதாகும்.

நிலையான நேரம் நேயரை மட்டுமன்றிப் படைப்பையும் வளர்க்கும் என்பதற்கும் இலங்கை வானொலியே சான்றாகும். ஒழுங்காகக் கிடைத்த நேரத்தில் தமிழ் நாடகமும் நகைச்சுவைத் தொடரும் வளர்ந்தன. எழுத்தாளரும் நடிகரும் தம் நேயரை அறிந்து தொழிற்பட்டனர். எஸ். ராமதாஸின் 'கோமாளிகள் கும்மாளம்' என்னும் வானொலித் தொடர் 1976 இல் 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாகவும் உருப்பெற்றது. ஈழத்துத் தமிழ்த் திரைப்படம் முதலீட்டுக்குத் தத்தளித்த காலத்தில், வானொலி நேரமொன்று அதற்கு ஆயத்தமான பார்வையாளரை ஆக்கி வைத்திருந்தமை கருதத்தக்கது.

வானொலி கற்பித்த இப்பாடம் தொலைக்காட்சியில் மறக்கப்பட்டது. இரு நாடுகளிலும் 1982 ஆம் ஆண்டு ஒரு திருப்பமாகும். இந்தியாவில் அவ்வாண்டு ஒகஸ்ட் 15 ஆம் திகதி தூரதர்சன் தேசிய நிகழ்ச்சியைத் தொடங்கியது. இரவின் முதன்மை நேரம் டில்லியில் தயாரான இந்தி, ஆங்கில நிகழ்ச்சிகளுக்கு உரியதாயிற்று. 1975 முதல் இயங்கிய சென்னை நிலையத்தின் தமிழ் நிகழ்ச்சிகள் அதற்கு முன்னதாக ஒதுங்கிக்கொள்ள வேண்டியனவாயின. 1984 ஜூலை முதல் 1985 டிசெம்பர் வரை ஒளிபரப்பான 'ஹம் லோக்' என்னும் தொடரை ஆராய்ந்த அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகியோர், வட இந்தியாவில் 65 முதல் 90 சதவீதமாயிருந்த பார்வையாளர் வீதம் தென்னகத்தின் முக்கிய நகரங்களில் 20 முதல் 45 சதவீதமாகவே இருந்ததெனக் காட்டியுள்ளனர். ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைக் காட்டுவதால் மட்டும் ஒரே மக்கள் உருவாவதில்லை என்பதை இவ்வெண்கள் புலப்படுத்துகின்றன. 1993 ஏப்பிரல் 14 ஆம் திகதி சன் தொலைக்காட்சி தொடங்கப்பட்டபோது, இரவு நேரத்தில் தமிழுக்காகக் காத்திருந்த பெருந்தொகையினர் அதற்கு ஆயத்தமாகவே இருந்தனர்.

இலங்கையில் ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 ஆம் திகதி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஓர் அலைவரிசையை மும்மொழிகள் பகிர்ந்துகொண்டன. ஆயினும் சமமாகப் பகிரவில்லை. இரவின் முதன்மை நேரம் சிங்களத்துக்கே உரியதாயிருந்தது. தமிழுக்குக் குறைந்த நேரமே கிட்டியது. குறைந்த நேரத்துக்கு விளம்பரதாரர் குறைவு. விளம்பரம் குறையுமிடத்துத் தயாரிப்புச் செலவுக்கு வழியில்லை. தயாரிப்பில்லாத இடத்து எழுத்தாளரும் நெறியாளரும் உருவாகார். பின்னர், 'தரமான தமிழ் நிகழ்ச்சிகள் இல்லை' என்பதே நேரத்தை மேலும் மறுப்பதற்கான காரணமாகக் காட்டப்படக் கூடும். வானொலியில் நாடகத்தை வளர்த்த அதே சமூகம் தொலைக்காட்சி நாடகத்தில் பின்தங்கியமைக்கு ஆற்றற் குறைவு காரணமன்று. இச்சுழலே பிரதான காரணம் எனலாம்.

இதற்குத் தீர்வாகத் தனி அலைவரிசை முன்வைக்கப்பட்டது. 1998 இல் தனியார் துறையில் சக்தி தொலைக்காட்சி தோன்றியது. அரச துறையில் 1999 இல் தொடங்கப்பட்ட 'சனல் ஐ' அலைவரிசையில் நேத்ரா என்னும் பெயரில் தமிழ் நிகழ்ச்சிகள் இடம்பெறலாயின. நேரம் அதிகரித்தமை உண்மையே. ஆனால் அதே அலைவரிசையில் கிரிக்கெட் நேரடி ஒளிபரப்பு வந்தபோது ஒதுங்க நேர்ந்ததும் தமிழ் நிகழ்ச்சிகளே. மேலும், தனி அலைவரிசையால் ஒரு பொது மேடை இழக்கப்பட்டது. சிங்களப் பார்வையாளர் தற்செயலாகவேனும் ஒரு தமிழ் நாடகத்தையோ பாடலையோ எதிர்கொள்ளும் வாய்ப்பு அருகியது. சக்தியும் இந்தியச் செய்மதி அலைவரிசைகளும் கொணர்ந்த தமிழகத் தொடர்களோ, உப்புவெளியின் இரவுணவு நேரத்தையும் சென்னையின் நிகழ்ச்சி நிரலுக்கு இசையச் செய்தன.

இக்கரையிலேயே நின்ற கருவிகளும் இக்கரைக்குரியனவாக இருக்கவில்லை. திருகோணமலைக்கு வடக்கேயுள்ள கரையோரத்தில் டொய்ச்ச வெல்ல என்னும் ஜேர்மன் வானொலியின் அஞ்சல் நிலையம் 1984 முதல் இயங்கியது. அதன் பேராற்றல் வாய்ந்த ஒலிபரப்பிகள் ஆசியாவின் தொலைநாடுகளை நோக்கி ஒலிபரப்பின. அவற்றின் நேரங்கள் முதலில் கொலோன் நகரிலும் பின்னர் பொன் நகரிலும் வகுக்கப்பட்டன. சிற்றலைச் சேவையைக் குறைக்கும் முடிவும் அங்கேயே எடுக்கப்பட்டது. 2013 இல் நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது. கோபுர நிழலில் வாழ்ந்தோர் அக்கோபுரத்தின் நேயராக எண்ணப்படவில்லை.

போர்க்காலத்தில் இம்மக்கள் தமக்குரிய செய்தி நேரத்தைத் தாமே தேடிக்கொண்டனர். 1941 இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் இரவுச் செய்தி வட கிழக்கின் வீடுகளில் நாளை முடித்துவைக்கும் மணியாயிற்று. அதன் நிகழ்ச்சிகளை இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் பண்பலையில் அஞ்சல் செய்துவந்தது. நிகழ்ச்சிகளில் குறுக்கீடு செய்யப்படுவதாகக் கூறி, 2009 பெப்ரவரியிலும் மீண்டும் 2013 மார்ச்சிலும் பிபிசி அவ்வேற்பாட்டை இடைநிறுத்தியது. நிரலில் நேரம் குறிக்கப்பட்டிருப்பினும் அந்நேரத்துள் மௌனத்தைப் புகுத்தவியலும் என்பதை இது உணர்த்திற்று. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பும் 2017 ஏப்பிரல் 30 ஆம் திகதியுடன் முடிவுற்றது.

நேயர் பிரிந்து செல்வதால் எழும் விலை யாது? 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி காலை ஆழிப்பேரலை முதலில் இலங்கையின் கிழக்குக் கரையைத் தாக்கிப் பின்னரே தென்மேற்குக் கரையை அடைந்தது. அவ்விடைவெளியில் ஏனைய கரைகளுக்கு முறையான எச்சரிக்கை விடுக்கப்படவில்லை. எச்சரிக்கை அமைப்பு இல்லாமையே இதன் முதற் காரணம். 2012 ஏப்பிரல் 11 ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பால் நிலநடுக்கம் நேர்ந்தபோது எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோர மக்களும் இடம்பெயர்ந்தனர். அமைப்பு திருந்தியமை மெய்யே. ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. அபாயம் வரும் இரவில் ஒரு வீடு சென்னையின் செய்மதி அலைவரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பின், கொழும்பு இடைமறித்துக் கூறும் எச்சரிக்கை அத்திரையில் தோன்றாது. பல்லாண்டுகளாக நல்ல நேரத்தை மறுத்து அனுப்பிவிடப்பட்ட நேயரை ஒரு நிமிடத்தில் அழைத்துக்கொள்ளுதல் எளிதன்று. கைத்தொலைபேசியில் தாம் வேண்டியதை வேண்டிய நேரத்தில் பார்க்கும் இன்றைய வழக்கமும் இப்பிரிவைக் கூட்டுகின்றதேயன்றிக் குறைப்பதில்லை.

எனவே பொது ஒலிபரப்பில் தமிழுக்கு முதன்மை நேரத்தில் உரிய இடம் வேண்டும் என்பதைச் சலுகை கோரும் குரலாகக் கொள்ளலாகாது. மக்கள் நாள்தோறும் தம் மொழியைக் கேட்டுப் பழகிய அலைவரிசையையே ஆபத்து வேளையிலும் நம்புவர். அந்நம்பிக்கையை எச்சரிக்கை நாளன்று ஆக்க முடியாது. சாதாரண நாள்களின் சாதாரண நேரங்களிலேயே அது கட்டியெழுப்பப்படல் வேண்டும்.