எந்த ஆண்டின் 5 ஸ்டார்?

நம் வீட்டு ஏசியில் ஒட்டியிருக்கும் ஸ்டார் ஸ்டிக்கர் 2006-இல் வந்தது. கொண்டுவந்தது மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு. அப்போது வெளியே 35 டிகிரி என்று வைத்துக்கொண்டு, ஏசியை முழு வேகத்தில் ஓட்டி, செலவாகும் கரண்டுக்கு எவ்வளவு குளிர் தருகிறது என்று அளந்தார்கள். மார்கழி இரவும் மே மாத மதியமும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். தேவைக்கேற்ப வேகத்தைக் குறைக்கும் இன்வெர்ட்டர் ஏசியின் சிக்கனம் அதில் தெரியவே தெரியாது.

2018 ஜனவரியில் அளக்கும் முறையே மாறியது. 24 முதல் 43 டிகிரி வரையிலான வெப்பத்தில் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துக் கணக்கிடும் ஐ.எஸ்.இ.இ.ஆர். எண் கட்டாயமானது. (1,600 மணியோடு நிறுத்துகிற வீடு நம் ஊரில் எத்தனை இருக்கும்!) ஸ்ப்ளிட் ஏசிக்கு அந்த எண் 4.5 இருந்தால் 5 ஸ்டார். 2022 ஜூலையில் வரம்பு 5 ஆக உயர, அதே 4.5 ஏசி 4 ஸ்டாருக்கு இறங்கியது.

பழைய ஏசி வாங்குவோரும், "5 ஸ்டார் ஏசி உண்டு" என்று நம்பி வாடகைக்கு வருவோரும் ஸ்டிக்கரில் உள்ள ஆண்டையும் எண்ணையும் பாருங்கள். 2018-க்கு முந்தைய ஸ்டிக்கர்கள் பலவற்றில் இருப்பது பழைய ஈ.இ.ஆர். எண், இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது.